அன்செல்மோவின் தட்டு

வராத ஆளுக்காகக் காத்திருந்தால்
பைசாந்து நகரத்தில் கேட்பார்கள்:
'என்ன, அன்செல்மோவுக்குத் தட்டு வைக்கிறாயா?'
பேருந்து நிலையத்தில் கேட்டேன். பல் மருத்துவர் வாசலில் கேட்டேன்.
பந்தைத் தராத கூட்டாளியைப் பார்த்துக்
கையைத் தூக்கியபடியே நின்ற
ஒரு பொடியன் வாயிலும் கேட்டேன்.

சொல் பொறுக்குவது என் வேலை.
செருப்புப் பெட்டி நிறைய அட்டைகள்.
எந்தப் பலகாரத்துக்கு யார் பேர் வைத்தது,
எந்தக் குண்டனை ஏன் 'ஊசி' என்கிறார்கள்,
இப்படி.
சம்பளம் சொன்னால் சிரிப்பீர்கள்.

முடிதிருத்தும் ரெமிகியோ என் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:
அன்செல்மோ படகோட்டி. உருகுவாய் ஆறு விழுங்கிவிட்டது.
பெண்டாட்டி முப்பத்தொரு வருஷம்
இரவுதோறும் தட்டு வைத்தாள், சூப் ஊற்றினாள்,
காலையில் ஆற்றில் கொட்டினாள்.
பருப்பு சூப்.
இல்லை, குடல் சூப் என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்,
பாதி முகத்தில் நுரையோடு.
அவள் பேர் தெல்மிரா. இல்லை, ஒதிலியா.
கண் வைத்தார்கள், காது வைத்தார்கள்,
மூக்கு வைக்கும்போது என் முடி முடிந்துவிட்டது.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது?
எழுதிக்கொண்டேன்.

அந்தப் பழைய துறைமுகச் சாப்பாட்டுக்கடை
இப்போது ஆணிக்கடை.
நெலிதா எச்செகராய் ஆணியை எடை போட்டுத்தான் விற்கிறாள்.
தராசு மேசையின் ஆடும் காலுக்குக் கீழே
தடியாக ஒரு கணக்குப் புத்தகம்.
'எடுத்தால் மேசை சாயும்' என்றாள்.
ஒரு செங்கல் தேடிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

ரொட்டி நான்கு. சூப் பத்து. அன்செல்மோ இரண்டு.
ரொட்டி நான்கு. ஒயின் ஆறு. அன்செல்மோ இரண்டு.
எல்லார் பாக்கியிலும், எல்லா நாளும்
இரண்டு சென்டேசிமோ.

படகோட்டி அல்ல.
நகராட்சியின் எடைக்கல் ஆய்வாளர்.
பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும்,
சங்கு ஓயுமுன் ஆள் வந்து உட்கார்ந்திருப்பார்.
மழையில் வந்தார், வேலைநிறுத்தத்தில் வந்தார்,
சொந்த மகள் கல்யாணத்தன்றும் வந்தார்
(ஓரத்தில் எழுதியிருக்கிறது: 'கேக் கொண்டுவந்தார்').
தின்றார். தராசைப் பார்க்காமல் போனார்.
அந்தச் சாப்பாட்டின் விலையைத்தான்
மூட்டை தூக்குகிறவர்கள் பிரித்துக் கட்டினார்கள்.

ஒருநாள்கூடத் தவறாமல் வந்தவன் பெயர்
வராதவனுக்கு எப்படிப் போனது?
மேசை மீது உட்கார்ந்தே பக்கம் புரட்டினேன்.
நெலிதா மூன்று வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டு
விளக்கை அணைக்கட்டுமா என்றாள்.

அப்போது அகப்பட்டது. பென்சிலில்:
'அன்செல்மோவுக்கு மாற்றல். சால்ட்டோவுக்கு ரயிலேறினார்.'
அதற்கு அடுத்த வரி:
ரொட்டி நான்கு. சூப் பத்து. அன்செல்மோ இரண்டு.
மறுநாளும். மறுவருஷமும்.
ஒன்பது வருஷம்
வராத ஒருவரின் சோற்றுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள்.
யாரோ ஒருவன், தோளில் உப்பு மூட்டைத் தழும்போடு,
முதல்முறை அதைச் சொல்லிச் சிரித்திருப்பான்.
அவன் பேர் கணக்கில் இல்லை;
பாக்கி மட்டும் இருக்கும்.

ரெமிகியோவிடம் ஓடினேன்.
கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கேட்டார்.
'அப்படியானால் ஆற்றில் சூப் கொட்டியது யார்?'
யாரும் இல்லை என்றேன்.
'என் சித்தி பார்த்திருக்கிறாள்' என்றார்.
அதன்பிறகு பேசவில்லை. கிருதாவை ஒருபக்கம் ஏற்றி வெட்டிவிட்டார்.

அட்டையின் முன்பக்கம் ஆய்வாளரை எழுதினேன்.
பின்பக்கம் தெல்மிரா, அடைப்புக்குள் ஒதிலியா.
சூப் எது என்பதைக் காலியாக விட்டேன்.

ஊரைவிட்டுக் கிளம்பும் இரவு
நதிக்கரை உணவகத்தில் தனியாகச் சாப்பிட்டேன்.
பில் வந்தது.
மீன், தண்ணீர், 'மேசை' என்று ஒரு அறுபது.
மேசைக்கு எதற்கு என்றேன்.
ரொட்டிக்கு என்றாள் பரிமாறிய பெண்.
ரொட்டி வரவில்லையே.
தோளைக் குலுக்கினாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம்,
இருபது வயது.

கட்டினேன்.
எதிர் நாற்காலிக்கு முன்னால் கவிழ்த்த தட்டு ஒன்று
துடைத்துப் பளபளவென்று இருந்தது.